கறுப்பையா மண்ணுக்கு ஓய்வு கொடுத்த கதை

கண்டியில் மண்வள மீட்பு அதிகாரசபை என்று ஒரு கந்தோர் இருந்தது. மண்ணை மீட்பதற்காகவே அதை உண்டாக்கியிருந்தார்கள். யாரிடமிருந்து மீட்பது என்பதை மட்டும் சட்டம் எழுதியவர்கள் எழுத மறந்துவிட்டார்கள். கமக்காரர்களிடமிருந்துதான் என்று அதிகாரசபை பின்னால் தானாகவே விளங்கிக்கொண்டது. அப்படி விளங்கிக்கொள்ள அதற்கு ஒருவர் பெரிதும் உதவினார். அவர் பெயர் கறுப்பையா. உதவுகிறோம் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

கறுப்பையா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அரசாங்கம் தோட்டங்களை எடுத்துத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த காலத்தில், மலைச்சரிவில் கல்லும் வேருமாகக் கிடந்த ஒரு துண்டை வாங்கிய ஆள் ஒரேயொரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டான். வேறு யாரும் கேட்கவில்லை. பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் இருந்ததால் கறுப்பையா கேட்டார், கிடைத்தது. அனுமதிப்பத்திரத்தில் ஒரேயொரு நிபந்தனை: காணியைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும்.

பரம்பரை பரம்பரையாகத் தேயிலை உறிஞ்சிப்போட்ட மண் அது. மேல்மண் என்று ஒன்று அங்கே இருந்ததற்குச் சாட்சி கிடையாது. கறுப்பையாவும் மனைவி ரத்தினம்மாவும் அதைக் கொத்திக் கொத்திப் போஞ்சியும் முள்ளங்கியும் போட்டார்கள். மழை பெய்யும்போதெல்லாம் கொத்திய மண் சிவப்புத் தண்ணீராக இறங்கி ஓடி மகாவலி ஆற்றில் சேர்ந்தது. காய்களைக் கட்டுகஸ்தோட்டையில் மரக்கறிக் கடை வைத்திருந்த ஹவ்வா உம்மாவிடம் கொண்டுபோய்ப் போடுவார்கள். வருஷத்துக்கு வருஷம் போஞ்சி மெலிந்துகொண்டே வந்தது. ஹவ்வா உம்மா ஒரு காயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன போஞ்சியா, இல்லாட்டி போஞ்சிட நிழலா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளவும் செய்வார்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் கலவரம் வந்தது. கறுப்பையாவும் ரத்தினம்மாவும் உடுத்த துணியோடு இறங்கி ஓடி, அகதி முகாமாக மாறியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். அங்கே அவர்களுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தவர் விவேகானந்தன். யாழ்ப்பாணத்தவர். மண்வள மீட்பு அதிகாரசபையில் உத்தியோகத்தர். டவுனில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். கால்சட்டையும் சேர்ட்டுமாக வந்தவருக்கு மாற்றிக் கட்ட ஒன்றுமில்லை. கறுப்பையா முகாமில் தனக்குக் கிடைத்த ஒரே மாற்றுச் சாரத்தைக் கொடுத்தார். பருப்புக்கும் சோற்றுக்கும் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள். விவேகானந்தன் அவரை அண்ணை என்று கூப்பிட்டார். உத்தியோகத்தர் ஒருவர் தன்னை அப்படிக் கூப்பிட்டது கறுப்பையாவுக்கு அதுதான் முதல் தடவை.

பேசுவதற்கு வேறு ஒன்றும் இல்லாததாலோ, வேறு எதையும் பேசப் பயந்ததாலோ, விவேகானந்தன் அங்கே மண்ணைப் பற்றியே பேசினார். அவரைக்காய்ச் சாதிச் செடிகளின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும், அவை காற்றிலிருந்து சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும் என்றார். துவரையும் சணப்பும் கௌபிப் பயறும் போட்டு, கொத்தாமல், கிளறாமல், வெட்டிய தழையால் மேலேயே மூடிவிட்டு நிலத்தை இரண்டு போகம் சும்மா விட்டால், செத்த மண்ணும் எழும்பும் என்றார்.

"திரும்பத் திரும்பக் கொத்தினால் மண் களைச்சுப்போகும் அண்ணை. அதுக்கும் ஒரு ஓய்வு வேணும். வெளியில போனவுடன உங்கட காணியைத்தான் முதல் எடுத்துச் செய்விப்பன். என்னை நம்புங்கோ."

கறுப்பையா நம்பினார். விவேகானந்தன் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னதெல்லாம் உண்மை. அந்த மனிதர் வாழ்நாளில் பொய் சொன்னதே கிடையாது. அதுதான் பின்னால் வந்த கஷ்டம்.

மறு வருஷம் அதிகாரசபை 'ஓய்வுத் தரிசுத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. முன்மாதிரிக் காணியாகக் கறுப்பையாவின் துண்டு தெரிவானது. தொடக்கவிழாவுக்குப் பந்தல் போட்டார்கள். கொத்துவதை ஒழிக்கும் திட்டம் என்பதால், கமக்காரர் தன் மம்பட்டியை அதிகாரசபையிடம் ஒப்படைப்பதுதான் விழாவின் முக்கிய அம்சம். கறுப்பையா மம்பட்டியைக் கழுவிக் குங்குமப் பொட்டு வைத்துக் கொண்டுவந்தார். அதிகாரசபைத் தலைவர் அதற்கு மாலை போட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று சிங்களத்தில் பேசினார். கறுப்பையாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

"நமது பாட்டன் பூட்டன் எல்லோரும் நிலத்தை வெட்டினார்கள். அதனால்தான் நாம் ஏழையாக இருக்கிறோம். இன்றிலிருந்து இந்த மண்ணில் ஒரு வெட்டும் விழாது. மண்ணைத் தொடாமல் இருப்பது எப்படி என்பதை இந்த அதிகாரசபையை விட நன்றாக அறிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. நாங்கள் ஆரம்பித்த நாளிலிருந்து எதையும் தொட்டதில்லை."

பலமாகக் கைதட்டினார்கள். சுபநேரம் வந்ததும் தலைவர் வெள்ளி மம்பட்டி ஒன்றை வாங்கிக் காணியின் நடுவில் ஆழமாக வெட்டினார். வெட்டிய குழியில் திட்டத்தின் நினைவுக்கல்லை நட்டார்கள். அவ்வளவு பெரிய குழியைக் கறுப்பையா அந்தக் காணியில் ஒருநாளும் வெட்டியதில்லை. எதற்கும் கேட்டுவைப்போம் என்று விவேகானந்தனிடம் கேட்டார். அது விழா வெட்டு, விவசாய வெட்டு இல்லை என்று விவேகானந்தன் விளக்கினார். அன்றைக்கு அவர் அண்ணை என்று சொல்லவில்லை, கறுப்பையா என்றார். கந்தோர் ஆட்கள் நிறையப் பேர் நின்ற இடம், அப்படித்தான் சொல்ல முடியும் என்று கறுப்பையா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

துவரை முளைத்தது. சணப்பு முளைத்தது. கௌபி இரண்டுக்கும் நடுவில் படர்ந்தது. காணி முகப்பில் மூன்று மொழியிலும் ஒரு பலகை நட்டார்கள். 'இங்கே மண் ஓய்வெடுக்கிறது' என்று சிங்களத்தில் இருந்தது. ஆங்கிலத்திலும் அதுவேதான் என்றார்கள். தமிழில் மட்டும் 'இங்கே மண் ஓய்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தது. திருத்தலாமே என்று கறுப்பையா சொன்னார். பலகைக்கு அனுமதி கொடுத்த குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, ஆகவே பிழை இருப்பதாக அந்தக் குழு ஏற்றுக்கொள்ள வழியில்லை என்று பதில் வந்தது.

மண் ஓய்வெடுத்தது, கறுப்பையாவுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பார்வையாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மாவட்டச் செயலகத்தார், பல்கலைக்கழகத்தார், பாடசாலை மாணவர்கள், கடற்றொழில் திணைக்களத்திலிருந்து வழிதவறி வந்தவர்கள். வந்த எல்லோருக்கும் வேர் முடிச்சைப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, ஆகா என்று சொல்லி, செடியைப் பாதையில் போட்டுவிட்டுப் போனார்கள். முன்மாதிரி விவசாயி எந்த நேரமும் காணியில் நிற்க வேண்டும், வேறெங்கும் கூலிக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. நிற்பவர் எதையும் செய்யவும் கூடாது. படம் பிடிக்க வருகிறவர்கள் மட்டும், விவசாயி மாதிரித் தெரியவில்லையே என்று குறைப்பட்டார்கள். அதற்காகக் கந்தோரிலிருந்து ஜீப்பில் ஒரு மம்பட்டி வரும். அது அவருடைய மம்பட்டிதான், பிடியில் தன் கைபட்ட வழுவழுப்பு அவருக்குத் தெரிந்தது. தோளில் வைத்துக்கொண்டு நிற்பார். படம் பிடித்து முடிந்ததும் வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

வீட்டுச் செலவை ரத்தினம்மா பார்த்தாள். காலையில் பஸ் பிடித்துக் கட்டுகஸ்தோட்டைக்குப் போய், ஹவ்வா உம்மாவின் கடையில் மரக்கறி சுத்தம் செய்து, மாலையில் வாடல் கீரையோடு திரும்பி வருவாள். பார்வையாளர் வராத ஒருநாள் கறுப்பையாவும் கூடப் போனார். ஹவ்வா உம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மண்ணுக்கு லீவு குடுத்தீங்க, சரி. வவுத்துக்கும் லீவு குடுக்கச் செல்லி ஆபீசில செல்லினாங்களா மகன்?"

விவேகானந்தன் ஐயா பொறுப்பில் நடக்கிற வேலை, வீணாகப் போகாது என்றார் கறுப்பையா. ஹவ்வா உம்மா கிழங்குக் கூடைப் பக்கம் திரும்பினார். ரத்தினம்மா கொண்டுபோகும் பையில் இரண்டு கிழங்கைக் கூடப் போட்டார்.

துவரையும் சணப்பும் ஆள் உயரத்துக்கு வளர்ந்தன. அதற்குள் வடக்கில் சண்டை பெரிதாகிவிட்டிருந்தது. கண்டியில் தமிழர் வீட்டில் டோர்ச் லைட் இருந்தாலே கேள்வி கேட்டார்கள். ஒரு மத்தியானம் பொலிஸ் வந்து, இந்தப் பற்றைக்குள் யாராவது ஒளிந்திருக்கலாம் என்று காணியைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒருவரும் இல்லாததால் கறுப்பையாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சார்ஜண்ட் மரியாதையானவர். உட்காரக் கதிரை கொடுத்தார். இவ்வளவு பயிரையும் யார் சாப்பிடுவது என்று கேட்டார். யாரும் சாப்பிட மாட்டார்கள், மண்தான் சாப்பிடும் என்றார் கறுப்பையா. சார்ஜண்ட் பேனாவை வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஒரு தமிழ் ஆள் ஏதோ ஒன்றுக்கு இரகசியமாகச் சாப்பாடு போடுகிறார் என்கிற அளவில் விளங்கிக்கொண்டு எழுதினார். அதிகாரசபையைக் கேட்டால் தெரியும் ஐயா, விவேகானந்தன் ஐயா என்னை நன்றாக அறிவார் என்று கறுப்பையா சொன்னார். சார்ஜண்ட் டெலிபோன் எடுத்தார். பேசிவிட்டு வைத்துவிட்டு, சொல்வதற்கே சங்கடப்பட்டவர் மாதிரிச் சொன்னார். கறுப்பையா என்ற பெயரில் ஒரு முன்மாதிரி விவசாயி இருப்பது கந்தோருக்குத் தெரியும், அதற்கு மேல் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று விவேகானந்தன் சொன்னாராம்.

பொழுது சாய்வதற்குள் விட்டுவிட்டார்கள். நடந்ததைக் கறுப்பையா ரத்தினம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அவரும் தமிழாளு. பொலிசுக்கு ஃபோன்ல வேற எப்படிச் சொல்லுவாரு?" என்றார்.

"ஆமா," என்றாள் ரத்தினம்மா. "கட்டியிருந்தது யாரு சாரம்னு ஃபோன்ல தெரியாதுதான்."

பொலிசாரும் அதிகாரசபையும் கூடிப் பேசினார்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் எதுவும் வளரக்கூடாது என்றது பொலிஸ். பூக்கும்வரை வெட்டக்கூடாது என்றது அதிகாரசபை. கடைசியில் இருதரப்பாரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ரோட்டிலிருந்து பார்க்கும் பக்கம் செடிகள் இடுப்பளவில் இருக்கும், அதிகாரசபை ஜீப் நிறுத்திப் பார்க்கும் பக்கம் ஆள் உயரத்தில் இருக்கும். அதன்பிறகு வெகுநாளைக்குக் காணி ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்த முகம் மாதிரி நின்றது.

இத்தனைக்கும் நடுவில் மண் தன் வேலையைச் செய்தது. அறிக்கை இன்னும் தயாராகவில்லை என்று இரண்டு போகம் நான்கு போகமாக நீண்டது. செடிகளை வெட்டி மேலேயே பரப்பினார்கள், அடுத்ததை ஊன்றினார்கள், அதையும் வெட்டிப் பரப்பினார்கள். ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம், கறுப்பையா தழை மூடாக்கை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டார். விரல் முழுசாக இறங்கியது. முன்பு ஆணி அடித்தாலும் இறங்காத இடம் அது. அள்ளிப் பார்த்தார். கறுப்பாக, ஈரமாக, கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. மண்புழு ஒன்று நெளிந்தது. அந்த மழைக்குக் காணியிலிருந்து இறங்கிய தண்ணீர் தெளிவாக இருந்தது. ரத்தினம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் மோந்து பார்த்தாள். தன் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த போஞ்சி விதைகளை அவிழ்த்து ஒரு மூலையில் குச்சியால் துளை போட்டு ஊன்றினாள். கொத்தவில்லை, கிளறவில்லை. அந்தப் போஞ்சி வந்த மாதிரி அவர்கள் வாழ்க்கையில் வந்ததில்லை. ஹவ்வா உம்மா கையில் வாங்கி உடைத்தார். உடைத்த சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரம் கறுப்பையா விவேகானந்தனைத் தேடிக் கந்தோருக்குப் போய், நீங்கள் சொன்னது சொன்னபடியே நடந்துவிட்டது ஐயா, அடுத்த போகம் காணி முழுக்கப் போஞ்சி போடப்போகிறோம் என்றார். விவேகானந்தனின் கண் கலங்கியது. அதுவும் பொய்யில்லை.

அதிகாரசபைக் கட்டடத்தின் மேல்மாடியில் மண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் பிரிவு இருந்தது. கீழே, சும்மா கிடக்கும் காணிகளைத் திருப்பி எடுக்கும் பிரிவு இருந்தது. இரண்டுக்கும் தலைவர் ஒருவரே. கீழ்ப்பிரிவிலிருந்து இரண்டு பேர் காணி பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் தன்னைப் பாராட்ட வந்ததாக நினைத்துக் கறுப்பையா அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார், மூடாக்கை விலக்கிக் காட்டினார், கறுப்பு மண்ணை அள்ளி அவர்கள் கையிலேயே வைத்தார். அவர்கள் அதை ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இந்தப் பகுதியிலேயே மிகச் சிறந்த மண் என்று பரிசோதனை முடிவு வந்தது. இவ்வளவு நல்ல மண்ணை நான்கு போகமாகச் சும்மா போட்டு வைத்திருப்பவனிடம் விட்டுவைப்பது முறையல்ல என்று கீழ்ப்பிரிவு முடிவெடுத்து, கறுப்பையாவை விசாரணைக்கு அழைத்தது.

விசாரணை அறையில் தலைவர் நடுவில் இருந்தார். ஓரத்தில் ஒரு கதிரையில் விவேகானந்தன். அவரைப் பார்த்ததும் கறுப்பையாவுக்குத் தைரியம் வந்தது. கூட வந்திருந்த ரத்தினம்மாவிடம், ஐயா இருக்கார், பயப்படாதே என்று மெதுவாகச் சொன்னார்.

முதல் கேள்வி, நீ விவசாயியா என்பது. ஆமாம் என்றார். மம்பட்டி எங்கே என்றார்கள். உங்களிடம்தான் இருக்கிறது என்றார். அப்படியானால் உன்னிடம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்து, காணி முகப்பில் உள்ள தமிழ்ப் பலகையை மொழிபெயர்த்து வாசித்தார்கள். மண் ஓய்ந்துவிட்டது என்று காணிக்காரனே அறிவித்திருப்பதைத் தலைவர் கவலையோடு கவனத்தில் எடுத்தார். பிறகு பேசினார்.

"இது பொன் விளையும் மண். பரிசோதனை சொல்கிறது. வடக்கில் யுத்தம் நடக்கிற நேரம், நாடு சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிற நேரம், இப்படிப்பட்ட மண்ணில் ஒன்றும் செய்யாமல் கைகட்டிக்கொண்டு நிற்க ஒரு மனிதனுக்கு எப்படி மனசு வரும்? என்னால் கற்பனைகூடப் பண்ண முடியவில்லை."

கறுப்பையா எழுந்து கையைக் கட்டிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். ஒன்றும் செய்யாமல் விட்டதால்தான் ஐயா அது நல்ல மண்ணானது. நீங்கள்தான் சொன்னீர்கள். பந்தலில் வைத்துச் சொன்னீர்கள்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "நான் அதைச் சொன்னது மேல்மாடித் தலைவராக. இப்போது கீழே இருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே கொண்டுவந்தால் நிர்வாகம் எப்படி நடக்கும்?"

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அதில் இருந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டு தலையாட்டினார்கள். சந்தேகம் வேண்டாம், திட்டத்துக்குப் பொறுப்பானவர் இங்கேயே இருக்கிறார், அவரையே கேட்போம் என்றார் தலைவர். விவேகானந்தன் எழுந்தார். தலைவர் கேட்டது ஒரே கேள்வி. கறுப்பையாவின் காணி கடந்த நான்கு போகமும் தரிசாகக் கிடந்ததா, இல்லையா?

கறுப்பையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விவேகானந்தன் மேசையைப் பார்த்தார். இன்னொரு வசனம் அவர் வாயில் இருந்தது போலவே கறுப்பையாவுக்குப் பட்டது.

"ஓம் சேர். தரிசுதான்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அனுமதிப்பத்திரம் ரத்துச் செய்யப்பட்டது என்று தலைவர் வாசித்தார். காணி விவசாயிகளுக்கே பயன்பட வேண்டும் என்பதால், அதில் விவசாயிகளுக்கான மண்வளப் பயிற்சி நிலையம் கட்டப்படும் என்றும் வாசித்தார்.

வெளியே விறாந்தையில் விவேகானந்தன் அவர்கள் பின்னால் வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அண்ணை," என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கறுப்பையா நினைத்தார்.

"நான் பொய் சொல்லேல்லை அண்ணை. பயறு போட்ட தரிசெண்டாலும் தரிசு தரிசுதானே. விஞ்ஞானப்படி அதுதான் சரியான பதில்."

"பொய்யின்னு சொல்லலீங்க ஐயா. முழுசாச் சொல்லலயே."

"முழுக்கச் சொன்னால், தன்ர ஆளுக்காகக் கதைக்கிறான் எண்டு சொல்லுவினம். இந்த நாட்டில நான் எப்பிடி இந்தக் கதிரையில இருக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே? எனக்கும் பிள்ளையள் இருக்கு."

கறுப்பையாவுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அதனால்தான் திட்டுவதற்கும் வாய் வரவில்லை. யாராவது முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் பஸ் ஸ்டாண்டில் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பார். ரத்தினம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

காணியோடு அதிலிருந்த குடிசையும் போனதால், ஹந்தானை லயத்தில் ரத்தினம்மாவின் தம்பி வீட்டில் ஒரு மூலை கிடைத்தது. கறுப்பையா தோட்டத்தில் அன்றாடக் கூலிக்குச் செய்யும் கைகாசு வேலைக்குப் போனார். மலையிலிருந்து பார்த்தால் பழைய காணி தெரியும். டோசர் வந்து மேல்மண்ணை வழித்தது. கட்டடத்துக்கு அடியில் நல்ல மண் இருந்தால் அத்திவாரம் இறங்கிவிடுமாம், ஆகவே கறுப்பு மண் முழுவதையும் லொறி லொறியாக ஏற்றிக் கொண்டுபோய், அதிகாரசபைக் கந்தோரைச் சுற்றிப் பூமரப் பாத்திகளுக்குப் போட்டார்கள். அந்த வருஷம் அங்கே பூத்த கன்னாப் பூக்களைப் பார்க்க ஊரே போனது. காணியில் பழைய சிவப்புக் கட்டாந்தரை வெளியே வந்தது. அதன்மேல் கொங்கிறீட் போட்டார்கள். மண்ணைக் கிளறாமல் பாதுகாக்க அதைவிடச் சிறந்த வழியில்லை என்று அதிகாரசபையின் ஆண்டு மலரில் ஒரு கட்டுரை வந்தது.

கட்டடம் முடிந்து திறப்புவிழா நெருங்கியபோது ஜீப் லயத்துக்கே வந்தது. திட்டத்துக்கு உதவி செய்த நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வருகிறாராம். பயன்பெற்ற விவசாயி ஒருவரை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம். முன்மாதிரி விவசாயி கறுப்பையா மேடைக்கு வரவேண்டும்.

போகவே கூடாது என்று மைத்துனன் கத்தினான். ரத்தினம்மா சொன்னாள்.

"போங்க. இங்க உள்ளவங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாத ஒரே ஆளு அந்த அம்மாதான். அவங்ககிட்டயாவது நடந்தத நடந்தபடி சொல்லிட்டு வாங்க. மிச்சம் வைக்காதீங்க."

மறுநாள் கறுப்பையா துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார். மேடையில் அவருக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். கழுத்தில் மாலை போட்டார்கள். தலைவர் பேசினார், வேறு பலரும் பேசினார்கள். அதன்பின் வெள்ளைக்கார அம்மா எழுந்து அவரிடம் வந்தார். வயதான மனுஷி, நல்ல முகம். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். பக்கத்தில் மொழிபெயர்க்க நின்றவர் விவேகானந்தன்.

"உங்கட மண்ணுக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறா."

கறுப்பையா சொன்னார். ஒலிபெருக்கிக்கு முன்னால், அவசரப்படாமல், ஆரம்பத்திலிருந்து சொன்னார். செத்துக் கிடந்த மண் எழும்பியதைச் சொன்னார். அவர்கள் சொன்னபடியெல்லாம் செய்ததையும், செய்ததற்காகவே காணியைப் பறித்ததையும் சொன்னார். ரத்தினம்மா ஊன்றிய போஞ்சியைச் சொன்னார். இப்போது நீங்கள் நிற்கிற இந்தக் கொங்கிறீட்டுக்குக் கீழேதான் அம்மா அந்தக் காணி, மண்ணைக் கந்தோர் பூமரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். கேட்டால் உண்மை சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார், அவரும் பாதியோடு நிறுத்திக்கொண்டார் என்றும் சொன்னார். கூட்டத்தில் தமிழ் விளங்கியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் முடித்ததும் விவேகானந்தன் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். ரொம்பச் சின்னதாகச் சொன்னார். கறுப்பையாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்ல மெல்ல மலர்ந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அவர் கையை மறுபடி பிடித்துக் குலுக்கிவிட்டு, சபையைப் பார்த்துக் கைதட்டினார். தலைவர் கைதட்டினார். பிறகு காலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து கைதட்டினார்கள்.

மேடையிலிருந்து இறங்கும்போது விவேகானந்தன் அவர் முழங்கையைத் தொட்டார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உங்களுக்குக் கரைச்சல் வரக்கூடாது எண்டுதான்."

"என்னான்னு சொன்னீங்க ஐயா?"

"மண் நல்லா வந்திட்டுது எண்டு சொல்றார் எண்டு சொன்னனான். நீங்கள் அதையும் சொன்னனீங்கள்தானே."

கறுப்பையா மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு நடந்தார். ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். வேண்டாம் என்று மலைப்பாதையில் ஏறினார். லயத்து வாசலில் ரத்தினம்மா காத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு துண்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

கறுப்பையா முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"கைதட்டுனாங்க," என்றார்.